மூச்சு நீக்கிய இதழ்

தலையங்கத்தின் முதல் பத்தி முடிந்து இரண்டாம் பத்தி தொடங்குவதற்குள் யாரோ மூச்சு இழுத்தார்கள்.

தர்மராஜ் ஒலியை நிறுத்தினார். ஹெட்போனைக் கழற்றாமல் மடிக்கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு இருக்கும் இடத்தில் கோடு புடைத்து நிற்கும், பேச்சு இல்லாத இடத்தில் நூல் பிடித்தாற்போல நேராக ஓடும். இரண்டு பத்திகளுக்கும் நடுவில் கோடு நேராகத்தான் ஓடியது. அந்த இடத்தைக் காலையில் அவரே உட்கார்ந்து துடைத்திருந்தார். அங்கே மூச்சு இருக்க வழியில்லை.

திரும்ப ஓடவிட்டார். “எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள், எழுத்துதான் இன்னும் வந்து சேரவில்லை” என்று அவருடைய குரல் கனமாக வந்து நின்றது. பிறகு நேர்கோடு. அந்த நேர்கோட்டுக்குள், சைக்கிள் பம்பின் கைப்பிடியை யாரோ அவசரமில்லாமல் மேலே தூக்குவதுபோல ஓர் இழுப்பு.

அது அவருடையதல்ல. யாருடையது என்பதும் அவருக்குத் தெரியும். லால்குடி சின்னையாவுடையது.

‘நாளைமறுநாள்’ என்பது தர்மராஜ் நடத்தும் இணைய இதழின் பெயர். வேற்றுக்கிரகக் கதைகள், மாயக் கதைகள், அதே வகைக் கவிதைகள், இவை மட்டும்தான் அதில் வரும். இன்ஷூரன்ஸ் ஆபீசில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம் இரண்டாவது மாடியில் வீடு வாங்கி, அதன் கடைசி அறையில் மேஜை போட்டுத் தொடங்கினார். இன்று காலை வெளியான புது இதழ் முழுக்க ஒலி. எழுதியவர்களே தங்கள் கதையை, கவிதையை வாசித்து, போனில் பதிவு செய்து அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. இணையத்தில் ஏற்றுவது புத்தூரில் இருக்கும் ஷெர்லின் என்ற பெண்ணின் வேலை. மற்றதெல்லாம் அவர்தான்.

அனுப்பினார்கள். இவர்களை இத்தனை நாள் எழுத்தில் மட்டும் சகித்துக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. சின்னையா ஒருகாலத்தில் டிராக்டர் ஓட்டியவர். நிலாவில் நாற்று நடும் கதை எழுதியிருந்தார். நிலாவுக்குப் போயும் வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை. தொட்டியம் மயிலம்மாள், வாழைத்தார்களில் தொற்றிக்கொண்டு ஓர் ஊரே ஆகாயத்துக்குப் போவதாகக் கவிதை எழுதியிருந்தார். தர்மராஜும் தொட்டியத்தில் பிறந்தவர்தான், அதனாலேயே வாழைத்தாரைக் கவிதையில் பார்த்தால் அவருக்குக் குமட்டும். பாலக்கரை ஜஹானாரா, துபாயில் இருக்கும் கணவரின் உருவம் சாயங்காலமானால் வெளிச்சமாக வந்து சோற்றுத்தட்டின் முன்னால் உட்காருவதாக எழுதியிருந்தார். அது பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதை ஜஹானாராவிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வாரமே இன்னொன்று எழுதி அனுப்பிவிடுவார்.

எழுத்துகூடப் போகட்டும், மூச்சைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. சின்னையாவின் மூச்சு பீடிப் புகை படிந்த குழாய். மயிலம்மாள் ஒவ்வொரு வரிக்கும் முன்னால், அடுப்பை ஊதப்போகிறவர்போல நெஞ்சு நிறைய இழுத்தார். ஜஹானாரா, பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோல, திருடித் திருடி இழுத்தார். வாசிக்கும்போது வெளியே விடும் மூச்சு சொல்லோடு கலந்து போய்விடுகிறது, உள்ளே இழுக்கும் மூச்சுதான் வெட்கமில்லாமல் தனியாக நிற்கிறது என்பதை தர்மராஜ் கண்டுகொண்டார். கண்டுகொண்டதும் வெட்டத் தொடங்கினார். ஓர் இழுப்பைக்கூட விடவில்லை. வெட்டி முடித்த பதிவுகளை நேற்று ஒன்றாகச் சேமித்ததும் அவர்கள் அனுப்பிய மூலப்பதிவுகளை அழித்தார். குப்பையைச் சேர்த்து வைக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

ஷெர்லின் மட்டும் போனில் முனகினாள்.

“மூச்சையெல்லாம் எடுத்துட்டா, ஆளே இல்லாத வீட்ல ரேடியோ ஓடற மாதிரி இருக்கு சார்.”

“ஆள் இல்லாம இருந்தா நல்லதுதான்மா” என்றார் அவர். “இவங்க எழுத்துல ஆள்தான் தொந்தரவே.”

கடைசியாக, இன்று காலை, தன் தலையங்கத்தைப் பதிவு செய்து கேட்டபோது அவரே கொஞ்சம் ஆடிப்போனார். அவருடைய இழுப்பின் முடிவில் இடது மூக்கில் மெல்லிய விசில் ஒன்று இருந்தது. இத்தனை வயதுவரை யாரும் சொன்னதில்லை. மனைவி ஆனந்தவள்ளிக்குத் தெரிந்திருக்கும். அவள் எதைத்தான் சொல்லியிருக்கிறாள். மற்றவர்களுக்குக் காட்டிய சிரத்தையைவிட இருமடங்கு சிரத்தையோடு அதை வெட்டினார். பிறகு இதழ் வெளியாகி, நாலு பேர் பாராட்டி எழுதிய பின், மத்தியானச் சாப்பாடு முடித்துத் தன் குரலைத் தானே இன்னொரு தடவை கேட்டு மகிழலாம் என்று உட்கார்ந்த இடத்தில்தான் இந்தப் பம்பு சத்தம்.

ஹெட்போனைக் கழற்றினார்.

மின்சாரம் போய் வெகுநேரமாகியிருந்தது. மழை ஜன்னல் கம்பிகளில் பட்டு, சிமெண்டு விளிம்பில் தெறித்து, கீழே யாரோ கவிழ்த்து வைத்திருந்த தகர டப்பாவின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தங்களுக்கெல்லாம் அடியில், வீட்டுக்குள்ளிருந்து, அந்த இழுப்பு வந்துகொண்டிருந்தது. ஹெட்போன் மேஜைமேல் கிடந்தது. ஒலி நின்றிருந்தது. இழுப்பு நிற்கவில்லை.

புறா என்று நினைத்தார். பாத்ரூம் ஜன்னலில் புறாக்கள் அடையும், இப்படித்தான் முனகும். எழுந்துபோய்ப் பார்த்தார். புறா இல்லை. பிரிட்ஜ் என்று நினைத்தார், மின்சாரம் இல்லாதபோது பிரிட்ஜ் எப்படிச் சத்தம் போடும். கீழ்வீட்டுக்காரர் எதையாவது இழுக்கிறார் என்று நினைத்து, இந்த அபார்ட்மெண்டில் குடியிருக்கத் தெரிந்தவன் ஒருவன்கூட இல்லை என்று வழக்கம்போல எண்ணி, அந்த எண்ணத்தில் கொஞ்சம் தைரியம் வந்து, நடைக்கு வந்து நின்றார். அவருடைய அறையிலிருந்து கூடத்துக்குப் போகும் ஒடுக்கமான நடை. நடுவில் வலதுபக்கம் படுக்கையறை. அதன் வாசலில் தொங்கும் திரைச்சீலை காற்றில்லாமலேயே அறையின் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. பழைய பீடி வாசனை வந்தது. கூடவே, அடுப்புச் சாம்பல் வாசனை.

இப்போது ஒன்றல்ல. அடுப்பூதப் போகும் இழுப்பு ஒன்று. திருட்டு இழுப்பு ஒன்று. வாரக்கணக்கில் ஹெட்போனில் கேட்டு வெட்டிய மூச்சுகள், அவருக்கு அவற்றின் முகமே தெரியும். எல்லாம் உள்ளே போயின. உள்ளே போனது எதுவும் வெளியே வரவில்லை.

போன் அடித்ததும் அவர் திடுக்கிட்டதை யாரும் பார்க்கவில்லை என்பதில் ஓர் ஆறுதல்.

ஷெர்லின். அவள் குரல் இறங்கியிருந்தது.

“சார், சின்னையா சாரை லால்குடியிலேருந்து திருச்சிக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்காங்க. அவர் பொண்ணு பேசிச்சு. மூச்சு ஏறலையாம் சார்.”

பீடியை விடச் சொல் என்றார் தர்மராஜ்.

ஷெர்லின் சொல்லிக்கொண்டே போனாள். நேற்றிலிருந்து சின்னையாவின் நெஞ்சு ஏறி இறங்கவில்லையாம். முகத்தில் கருவி மாட்டிக் காற்றைச் செலுத்தினாலும் உள்ளே போகவில்லையாம், டாக்டர்கள் கருவியைத்தான் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்களாம். ஆனால் மனுஷன் பேசினார். உள்ளே மிச்சமிருந்த காற்றில் பேசினார். வந்து பார்த்த ஒவ்வொருவரிடமும் ஒன்றும் பயமில்லை என்று விலாவாரியாகச் சொன்னார். பேசப் பேசக் குரல் மெலிந்தது. காலையில் தீர்ந்துவிட்டது. இப்போது உதடு மட்டும் அசைகிறது, கண் திறந்தபடி இருக்கிறது. தொட்டியத்தில் மயிலம்மாள் வீட்டுக்குப் போன் போட்டதற்குப் பக்கத்துவீட்டுப் பெண் எடுத்து அழுதாளாம். ஜஹானாராதான் எப்படியோ புரிந்துகொண்டிருக்கிறார். விடிந்ததிலிருந்து வாய் திறக்கவில்லை. எல்லாவற்றையும் போனில் எழுதித்தான் காட்டுகிறார்.

“எனக்கு என்ன எழுதியிருக்காங்க தெரியுமா சார்? ‘இருக்கறதை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், எடுத்ததை வாங்கிக் கொடுத்துடும்மா’ன்னு. வெட்டினதைத் திருப்பி வெச்சிடுங்க சார். அவங்க அனுப்பின பழைய பதிவு உங்ககிட்டதானே இருக்கு?”

தர்மராஜ் சிரித்தார். நன்றாக, தொந்தி குலுங்கச் சிரித்தார். படித்த பெண், கம்ப்யூட்டர் தெரிந்த பெண், பேய்க்கதை இதழுக்கு வேலை செய்துசெய்து மூளை கலங்கிவிட்டது என்றார். வயதானவனுக்கு நெஞ்சு அடைத்தால் அதற்கும் ஆசிரியர்தான் பொறுப்பா என்றார். இந்த எழுத்தாளர்கள் இருக்கிறார்களே, இரண்டு பேர் கேட்பதற்காக எந்த வேஷமும் போடுவார்கள், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுகூட ஒரு விளம்பரம்தான் என்றார். மூலப்பதிவு எதுவும் இல்லை, அழித்தாயிற்று, இருந்தாலும் வைக்க மாட்டேன், ஓர் இதழ் என்றால் அதற்கு ஒரு சுத்தம் வேண்டும் என்றார். இப்படி நிறுத்தாமல் சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்துக்காக வழக்கம்போல வாயைத் திறந்து இழுத்தார்.

எதுவும் வரவில்லை.

வலி இல்லை. அடைப்பு இல்லை. தண்ணீர் நின்றுபோன குழாயைத் திறந்தாற்போல இருந்தது, அவ்வளவுதான். கையை நெஞ்சில் வைத்தார். சட்டைக்கு அடியில் நெஞ்சு, மேஜைப் பலகைபோல, வைத்தது வைத்தபடி இருந்தது. கடைசியாக எப்போது மூச்சு இழுத்தோம் என்று யோசித்தார். சாப்பிட்டபோதா. அதற்கு முன்னாலா. காலையில் தலையங்கத்தை வெட்டி முடித்து ‘சேமி’ என்று தட்டிய பிறகு ஒரு தடவையாவது இழுத்ததாக நினைவு இல்லை. இழுக்கவில்லை என்பதைக் கவனிக்கவும் இல்லை. யார்தான் கவனிப்பார்கள்.

“சார், லைன்ல இருக்கீங்களா?” என்றாள் ஷெர்லின். பிறகு, தணிந்து, “உங்க பின்னாடி யாரு சார்? நிறையப் பேரு இருக்காங்களா?”

பதில் சொல்ல நாக்கு எழுந்தது. அடக்கினார். அடியில் கொஞ்சமே மீதியிருக்கும் காஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்ப்பதுபோலத் தனக்குள் ஆட்டிப் பார்த்தார். இருந்தது. கொஞ்சம். அந்தச் சிரிப்பு நிறையத் தின்றிருந்தது. அந்தத் திட்டு அதைவிடத் தின்றிருந்தது. சின்னையாபோல முட்டாள்தனமாகப் பேசித் தீர்க்கக் கூடாது என்று நினைத்தார், நினைப்பதற்குக் காற்று தேவைப்படாதது எவ்வளவு நல்லது.

போனை அணைத்தார். மடிக்கணினிக்குப் போனார். அழித்தவை அழிந்தவைதான், குப்பைத்தொட்டியைக்கூட அன்றன்றே காலி செய்யும் ஆள் அவர். தலையங்கத்தை மூச்சோடு திரும்பப் பதிவு செய்தால் என்ன என்று ஒரு கணம் நம்பிக்கை வந்தது. மைக்கை இழுத்து வாயருகே வைத்த பிறகுதான் உறைத்தது, மூச்சைப் பதிவு செய்ய மூச்சு வேண்டும்.

அப்போது படுக்கையறையில் புதிதாக ஓர் இழுப்பு கேட்டது. நீளமாக, சுகமாக, மத்தியானத் தூக்கத்தில் இருப்பவனுடையதுபோல. அதன் முடிவில் மெல்லிய விசில்.

அவருடையது.

ஆனந்தவள்ளி நினைவுக்கு வந்தாள். தெப்பக்குளத்தில் தையல்காரரைப் பார்க்கப் போயிருந்தாள். இருட்டுவதற்குள் வந்துவிடுவாள். வந்ததும் நேராகப் படுக்கையறைக்குப் போவாள், ஈரப் புடவை மாற்ற. அங்கே போகக் கூடாது. அவர்கள் எல்லோரும் இழுத்துக்கொண்டிருக்கும் அந்த அறைக்குள், இன்னும் மூச்சுள்ள ஓர் ஆள் போகக் கூடாது. இதைத் தவிர வேறு எதுவும் இப்போது முக்கியமில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவளைப் பற்றி இவ்வளவு தெளிவாக அவர் எதையும் நினைத்ததில்லை.

‘வீட்டுக்கு வராதே’ என்று அவளுக்கு எழுதி அனுப்பினார். போய்ச் சேர்ந்ததற்கான குறி வந்தது. பார்த்ததற்கான குறி வரவில்லை. காவிரிப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றுகொண்டிருப்பாள். போன் பையின் அடியில், துணிகளுக்குக் கீழே இருக்கும். எத்தனை தடவை திட்டியிருக்கிறார். இன்னொரு தடவை எழுதினார். இன்னொரு தடவை.

அழைக்கலாம். அழைத்தால் பேச வேண்டும்.

வெளியே போய் வாசலில் அவளை மறித்துவிடலாம் என்று எழுந்தார். கால் கேட்கவில்லை. மேஜையைப் பிடித்தார். நாற்காலியைப் பிடித்தார். நகங்களைப் பார்த்தார், நீலம். சுவரோடு ஒட்டி நடைக்கு வந்தார். நடையில் இழுவை இருந்தது. சட்டை நுனி படுக்கையறைப் பக்கம் நீண்டது. தலைமுடி அந்தப் பக்கம் படுத்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டார். மூக்கைக் கையால் பிடித்துக்கொண்டார். உள்ளே இருப்பது நழுவக் கூடாது.

கூடத்துக் கதவில் சாவி திரும்பியது.

“கரண்ட் இல்லையா” என்று சொல்லிக்கொண்டே ஆனந்தவள்ளி உள்ளே வந்தாள். குடையை உதறினாள். செருப்பைக் கழற்றினாள். மழையில் பஸ் கிடைக்காததை, தையல்காரர் அளவைக் கெடுத்ததை இருட்டைப் பார்த்துச் சொன்னாள். அவர் நடையின் இந்தக் கோடியில், சுவரில் சாய்ந்து நின்றார். சுவரைத் தட்டினார். இடி இடித்தது. மறுபடி தட்டினார். கையில் பலமில்லை, தட்டியது அவருக்கே கேட்கவில்லை.

அவள் நின்று கேட்டாள். படுக்கையறையிலிருந்து நீளமான இழுப்பு. விசில்.

அவள் முகம் தணிந்தது. தூங்குகிறார் என்று சத்தத்தைக் குறைத்துக்கொண்டாள். பையைக் கீழே வைத்தாள். கால்நுனியில் நடந்தாள். திரைச்சீலையை அவள் விலக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் தவழ்ந்தார். வாசல்படியைப் பிடித்தார். அதற்குமேல் உடம்பு வரவில்லை.

அறைக்குள் சாயங்கால வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. கட்டிலில் போர்வை விரித்துக் கிடந்தது. அடியில் ஆள் அளவுக்கு ஏதோ இருந்தது. போர்வை ஏறியது. இறங்கவில்லை. மறுபடி ஏறியது. வேறோர் இடத்தில், பம்பின் சத்தத்தோடு, ஏறியது. கால்மாட்டில், திருட்டுத்தனமாக, ஏறியது. எங்கும் இறங்கவில்லை. இப்போது அது அவரைவிடப் பெரிதாக இருந்தது.

அவளுடைய முதுகுதான் அவருக்குத் தெரிந்தது. நழுவியிருந்த போர்வை விளிம்பைச் சரிசெய்யக் குனிந்துகொண்டிருந்தாள்.

ஒரு சொல்லுக்குக் காற்று இருந்தது. வராதே என்பதா. ஓடு என்பதா. எது சொன்னாலும் யாரைச் சொல்கிறோம் என்று தெரியாமல் போய்விடும். வாயைத் திறந்தார்.

“வள்ளி.”

கடைசிக் காற்று. அது அவருடைய உதட்டைவிட்டுக் கிளம்பியது அவருக்குத் தெரிந்தது. அறையைக் குறுக்காகக் கடந்து, அவள் காதோரம் போய், கட்டிலுக்குள் இழுபட்டதும் தெரிந்தது.

அவள் திரும்பவில்லை. கட்டிலைப் பார்த்தாள்.

“முழிச்சிட்டுத்தான் இருக்கீங்களா. சொல்லுங்க.”

போர்வைக்கு அடியில் எல்லா இழுப்புகளும் ஒன்றாகத் தொடங்கின. சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, அவள் ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி, கூந்தலை ஒதுக்கிக்கொண்டு, காதை அதன் அருகே கொண்டுபோனாள். கழுத்தில் தாலிச் சரடு நேராகத் தொங்கவில்லை. சாய்ந்து, விறைத்து, அந்தப் பக்கமாக நீட்டிக்கொண்டு நின்றது. போர்வை இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.